கடைக்காரருக்குப் பாடம் எடுக்க வேண்டாம்

சிறு வணிகர்களுக்கான அரசு விழா எதுவானாலும் சரி, மேடையேறும் அதிகாரி, வங்கி மேலாளர், சிறப்பு அழைப்பாளராக வந்த பேராசிரியர் மூவரும் ஒரே பல்லவியைத்தான் பாடுகிறார்கள். நம் கடைக்காரர்களிடம் விழிப்புணர்வு போதவில்லை, தொழில்நுட்பம் என்றால் பயப்படுகிறார்கள், பழகிய வழியை விட மறுக்கிறார்கள். நோய் இதுதான் என்று முடிவானபின் மருந்துக்கு அலைய வேண்டியதில்லை: ஒரு பயிற்சி முகாம், ஒரு கையேடு, கியூஆர் அட்டை, கொஞ்சம் மானியம். தலையங்கங்களும் இதையே எழுதுகின்றன. எதிர்க்கட்சிக்காரர்கள்கூட மறுப்பதில்லை. இந்த முகாம் பத்தாது, தொகுதிக்கு ஒன்று வேண்டும் என்கிறார்கள், அவ்வளவுதான்.

நோயைக் கண்டுபிடித்ததிலேயே கோளாறு என்கிறேன். பாண்டிச்சேரி டவுனில் கடை வைத்திருப்பவர் கணினியிலிருந்து ஒதுங்கினால், அவருக்குக் கணக்கு நன்றாகத் தெரியும் என்பதுதான் காரணம். எந்தக் கருவி தன் கல்லாவுக்குள் பணத்தைக் கொண்டுவருகிறது, எந்தக் கருவி அரசின் கண்ணைத் தன் கல்லாவுக்குள் கொண்டுவருகிறது என்று அவர் பிரித்துப் பார்க்கிறார். முதல் வகையை யாரும் சொல்லிக்கொடுக்காமலே எடுத்துக்கொண்டார். இரண்டாவது வகைக்கு என்ன விலை என்று கேட்கிறார். அந்த விலையைப் பற்றி முகாம்களில் யாரும் வாய் திறப்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மகாத்மா காந்தி வீதிக்குப் போய்ப் பாருங்கள். சண்டே மார்க்கெட்டில் தரையில் தார்ப்பாய் விரித்து நைட்டி விற்பவரிடம் கியூஆர் அட்டை இருக்கிறது. பெரிய மார்க்கெட்டில் பூ கட்டி விற்கும் அம்மாவிடம் இருக்கிறது. கடற்கரைச் சாலையில் சுண்டல்காரரிடம் இருக்கிறது. இவர்களை உட்கார வைத்து வகுப்பெடுத்தது யார்? 2016 நவம்பர் 8 இரவு பெரிய நோட்டுகள் செல்லாமல் போனபோது யுபிஐ பிறந்து ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. அந்த டிசம்பர் 25 முதல் அடுத்த ஏப்ரல் 14 வரை, டிஜிட்டலில் பணம் கொடுத்த வாடிக்கையாளருக்கும் வாங்கிய வணிகருக்கும் மத்திய அரசு குலுக்கல் முறையில் பரிசெல்லாம் கொடுத்துப் பார்த்தது. பரிசு விழும் என்று நம்பிக் கடையில் கியூஆர் மாட்டிய ஒருவரைக்கூட நான் சந்தித்ததில்லை. மாட்ட வைத்தது வாடிக்கையாளர். வெள்ளிக்கிழமை இரவு சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வந்து இறங்கும் இளவட்டங்களின் பையில் ரூபாய் நோட்டு இருக்காது, போன்தான் இருக்கும். "ஸ்கேன் இல்லையா?" என்று கேட்டுவிட்டு அடுத்த கடைக்கு நடந்துவிடுவார்கள். இரண்டு வாரம் இப்படி வியாபாரம் நழுவினால் மூன்றாவது வாரம் அட்டை வந்துவிடும்.

சவுண்ட் பாக்ஸ் கதை இதைவிடத் தெளிவு. "அனுப்பிட்டேன்ணா" என்று போலி ஸ்கிரீன்ஷாட்டை நீட்டிவிட்டு நழுவும் ஆட்கள் பெருகினார்கள். மாலை நெரிசலில் ஒவ்வொரு முறையும் போனை எடுத்துப் பார்க்கக் கடைக்காரருக்குக் கை ஒழியாது. தனியார் நிறுவனங்கள் ஒரு சின்னப் பெட்டியைக் கொண்டுவந்தன. பணம் விழுந்தால் தமிழிலேயே தொகையைச் சத்தமாகச் சொல்லும். பெட்டிக்கு மாத வாடகை உண்டு. மானியம் கிடையாது, சிபாரிசுக் கடிதம் கிடையாது, மந்திரி வந்து திறந்து வைக்கவும் இல்லை. ஆனாலும் நெல்லித்தோப்பு டீக்கடை வரைக்கும் அது போய்ச் சேர்ந்துவிட்டது. புதுமையைக் கண்டு மிரளும் கூட்டம் செய்கிற காரியமா இது? தலைவலி ஒன்று இருந்தது, அதைத் தீர்க்கும் பொருள் வந்தது, கைக்காசு கொடுத்து வாங்கினார்கள்.

அப்படியானால் எதை எடுத்துக்கொள்ளவில்லை? பில் போடும் மென்பொருளை. இருப்புக் கணக்கு வைக்கும் செயலியை. ஆன்லைன் ஆர்டரை. தெருக்கடைகளையும் இணைய வியாபாரத்துக்குள் கொண்டுவரப் போவதாகச் சொல்லி, 2022 ஏப்ரலில் கோயம்புத்தூர் உள்ளிட்ட ஐந்து நகரங்களில் மத்திய அரசு சோதனை ஓட்டம் விட்ட ஓஎன்டிசி போன்ற தளங்களை. முகாம்காரர்கள் சுட்டிக்காட்டுவதும் இதைத்தான்: பார்த்தீர்களா, ஸ்கேன் வரை வந்தார்கள், அதற்குமேல் திறமை இல்லை. நாள் முழுக்கப் போனில் மொத்த வியாபாரியிடம் விலை பேசி, வாட்ஸ்அப்பில் சரக்குப் பட்டியல் அனுப்பி, மகளுக்கு ஆன்லைனில் கல்லூரிக் கட்டணம் கட்டுகிற ஒருவருக்கு, பில் போடும் செயலியில் நான்கு பொத்தான் அழுத்தத் தெரியாது என்று நம்புவதற்கு ஒரு தனித் திறமை வேண்டும்.

காரணத்தை வேறு இடத்தில் தேட வேண்டும். பாண்டிச்சேரியில் தேட ரொம்ப தூரம் போக வேண்டாம், முத்தியால்பேட்டை வரை போனால் போதும்.

முத்தியால்பேட்டையின் வடகோடியில் ஒரு மளிகைக் கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். அங்கிருந்து நடந்து போகும் தூரத்தில் கோட்டக்குப்பம். அது விழுப்புரம் மாவட்டம், தமிழ்நாடு. இரண்டு பக்கமும் ஒரே சனம், ஒரே பேச்சு, ஒரே பள்ளிவாசல், ஒரே கோயில் திருவிழா. இந்த எல்லையை ஊர் உலகத்துக்குத் தெரிய வைத்தவை மதுக்கடைகளும் பெட்ரோல் பங்க்குகளும்தான். மளிகைக் கடைக்காரருக்கு அது இவ்வளவு காலம் உறைத்ததில்லை. பிரெஞ்சுக்காரர்களும் பிரிட்டிஷ்காரர்களும் சண்டைபோட்டுச் சமாதானமாகிக் கூறு போட்டதன் மிச்சம் அந்தக் கோடு. புதுச்சேரிப் பகுதியே ஒரே நிலப்பரப்பாக இல்லை. துண்டு துண்டாகத் தமிழ்நாட்டுக்குள் சிதறிக் கிடக்கிறது. 1954 நவம்பர் 1-ல் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தபின் அந்தக் கோட்டைப் பற்றிக் கவலைப்படாமல் அரிசியும் பருப்பும் இரண்டு பக்கமும் போய்வந்தன.

இப்போது இந்தக் கடைக்குக் கோட்டக்குப்பத்திலிருந்து ஒரு பெண் வருகிறார். அரிசி, சோப்பு, பிஸ்கட் வாங்கிக்கொண்டு காசைக் கொடுத்துவிட்டுப் போகிறார். இது உள்ளூர் வியாபாரம். அதே பெண் மறுவாரம் செயலியில் ஆர்டர் போடுகிறார். கடைப் பையன் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுக்கிறான். இது மாநிலம் விட்டு மாநிலம் நடக்கும் வியாபாரம். புதுச்சேரி யூனியன் பிரதேசமானாலும் சட்டமன்றம் உள்ளது. தனக்கென ஜிஎஸ்டி சட்டம் வைத்திருக்கிறது. அதனால் வரிக் கணக்கில் அது ஒரு மாநிலம். வரிக்குரிய சரக்கை மாநில எல்லை தாண்டி விற்கிறவர், ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கு விற்றாலும் ஜிஎஸ்டி பதிவு எடுத்தே ஆக வேண்டும் என்கிறது சட்டத்தின் 24-ஆம் பிரிவு. சிறு கடைகளுக்காகவே வைத்திருக்கும் எளிய வழி ஒன்று உண்டு, காம்போசிஷன் திட்டம். விற்றுமுதலில் 1 சதவீதத்தைக் கட்டிவிட்டு நிம்மதியாக இருக்கலாம். அதில் சேர்ந்தவர் வெளிமாநிலத்துக்கு ஒரு சோப்புக் கட்டிகூட விற்கக் கூடாது. அந்தப் பெண்ணின் வீட்டுக்கு அனுப்ப முழு ஜிஎஸ்டிக்குள் போக வேண்டும், மாதாமாதம் ஆடிட்டர் வாசலில் நிற்க வேண்டும்.

2023 அக்டோபர் 1 முதல் இதற்கு இன்னும் கூர் தீட்டிவிட்டார்கள். ஜிஎஸ்டி எண் இல்லாத சாதாரண வாடிக்கையாளருக்குச் சரக்கு விற்றால், பில்லில் எந்த முகவரி எழுதியிருக்கிறதோ அதுதான் விற்பனை நடந்த இடம். முகவரியே எழுதவில்லை என்றால் கடை இருக்கும் இடம். பென்சிலால் கிறுக்கிய துண்டுச் சீட்டில் முகவரி இருக்காது, ஆகவே அது உள்ளூர் வியாபாரம். செயலியில் முகவரி இல்லாமல் ஆர்டரே போட முடியாது, ஆகவே அது வெளிமாநிலம். எந்த நாள் கடைக்காரர் நீங்கள் கேட்டபடி டிஜிட்டலுக்கு மாறுகிறாரோ, அந்த நாள்தான் அவர் எல்லை தாண்டிய குற்றவாளி ஆகிறார். துண்டுச் சீட்டோடு இருந்தவரை அவர் ஒரு தப்பும் செய்யவில்லை.

அதே அக்டோபர் 1-ல் ஒரு சலுகையும் வந்தது. பதிவு வரம்புக்குக் கீழே இருக்கும் சின்ன வியாபாரிகள் ஜிஎஸ்டி பதிவு இல்லாமலே இணையதளங்கள் வழியே விற்கலாம் என்றார்கள். நல்ல காரியம்தான். ஆனால் சொந்த மாநிலத்துக்குள் மட்டும். மதுரையில் உள்ளவருக்கு அது கன்னியாகுமரியிலிருந்து கிருஷ்ணகிரி வரை திறந்த சந்தை. முத்தியால்பேட்டைக்காரருக்கோ, 600 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி மலையாளக் கரையில் இருக்கும் மாஹேயும், ஆந்திராவில் கோதாவரிக் கரையிலிருக்கும் ஏனாமும் சொந்த மாநிலம். நடந்து போகும் கோட்டக்குப்பம் வெளிநாடு மாதிரி. ஏனாமுக்கு பிஸ்கட் பாக்கெட்டைக் கூரியரில் அனுப்பினால் சட்டம் சும்மா இருக்கும். பக்கத்துத் தெருவுக்கு அனுப்பினால் இருக்காது. இந்த நிலைமையில் "ஏன் ஆன்லைனுக்கு வர மாட்டேன் என்கிறீர்கள்?" என்று கேட்பவர்கள் ஒருமுறை பாண்டிச்சேரியின் வரைபடத்தை எடுத்துப் பார்த்திருக்கலாம்.

எல்லையை விடுங்கள். ஊருக்குள்ளேயே இருப்போம். 2019 ஜனவரி 10-ல் கூடிய ஜிஎஸ்டி கவுன்சிலின் 32-ஆவது கூட்டம், சரக்கு மட்டும் விற்கும் கடைகளுக்கான பதிவு வரம்பை ஆண்டுக்கு 20 லட்சம் ரூபாயிலிருந்து 40 லட்சமாக உயர்த்த வழி செய்தது. 20-லேயே நிற்க விரும்பும் மாநிலங்கள் நிற்கலாம் என்றும் சொன்னது. தமிழ்நாடு 40-க்குப் போனது. புதுச்சேரி 20-லேயே நின்றது. அன்று ஆண்டவர்கள் ஒரு கட்சி, பின்னால் வந்தவர்கள் வேறு கூட்டணி. இந்த ஒரு விஷயத்தில் இருவருக்கும் மாறுபாடு இல்லை. ஆக, கோட்டக்குப்பத்தில் ஆண்டுக்கு 35 லட்சத்துக்கு விற்கிற மளிகைக்காரர் எந்தப் பதிவும் தேவையில்லாத சிறு வணிகர். அதே 35 லட்சத்துக்கு முத்தியால்பேட்டையில் விற்பவர் பதிவில்லாமல் இருந்தால் வரி ஏய்ப்பாளர்.

20 லட்சம் என்றால் கேட்கப் பெரிதாக இருக்கும். 365 நாளால் வகுத்தால் நாளுக்கு 5,500 ரூபாய்கூட வராது. பால் பாக்கெட், காய்கறி, உதிரி அரிசி என்று வரி இல்லாத பொருள்களின் விற்பனையும் இந்த வரம்புக் கணக்கில் சேரும். நூற்றுக்குப் பத்து ரூபாய் நின்றால் ஆண்டுக்கு 2 லட்சம், மாதம் 17,000-க்குள். அதில்தான் கடை வாடகை, கரண்டு பில், பிள்ளைகளின் ஃபீஸ். கையில் காசு வாங்கிக்கொண்டிருந்தபோது இந்த 5,500 யார் கண்ணிலும் படவில்லை. கியூஆர் வந்தபின் ஒவ்வொரு ரூபாயும் வங்கிக் கணக்கில் பதிவாகிறது. வரம்பு மட்டும் அசையவில்லை.

இதன் விளைவை 2025 ஜூலையில் கர்நாடகம் பார்த்தது. அங்கே வரம்பு 40 லட்சம்தான், இருந்தும் நடந்தது. 2021-22 முதலான யுபிஐ வரவுகளைக் கூட்டிப்போட்டு வணிகவரித் துறை ஆயிரக்கணக்கான சிறு கடைக்காரர்களுக்கு நோட்டீஸ் அனுப்பியது. வரியே இல்லாத காய்கறியும் பாலும் விற்றவர்களுக்கும் வந்தது. மச்சான் அனுப்பிய கைமாற்றும், சீட்டுப் பணமும் அதே கணக்கில்தான் வந்திருக்கின்றன, அதையும் வியாபாரமாக எண்ணிவிட்டீர்கள் என்று வணிகர்கள் கத்தினார்கள். சில நாள்களுக்குள் பெங்களூரு பெட்டிக்கடைகளில் கியூஆர் அட்டைகள் கழன்றன. "யுபிஐ கிடையாது, ரொக்கம் மட்டும்" என்று எழுதித் தொங்கவிட்டார்கள். கடையடைப்பு அறிவிப்பு வந்ததும் முதலமைச்சர் சித்தராமையா வணிகர்களை அழைத்துப் பேசி, பழைய பாக்கியை வசூலிக்க மாட்டோம் என்று வாக்குக் கொடுக்க வேண்டி வந்தது. விழிப்புணர்வுக் கட்சியினரிடம் எனக்கு ஒரு கேள்வி. இந்தியாவின் தொழில்நுட்பத் தலைநகரில் பல ஆண்டுகளாக ஸ்கேன் வைத்து வியாபாரம் செய்தவர்களுக்கு ஒரே வாரத்தில் விழிப்புணர்வு காணாமல் போய்விட்டதா? இல்லை, அட்டையைக் கழற்ற வைத்தது நோட்டீஸ் வந்த தபால் உறை.

உடனே ஒரு பதில் வரும், வராமல் இருக்காது: வரி கட்டாமல் தப்பிக்கத்தான் இவ்வளவு வக்காலத்தா? இந்தக் கேள்வியை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. மறைக்கிறவர்கள் இருக்கிறார்கள். நேரு வீதியில் பெரிய கடை வைத்துக்கொண்டு, "பில் வேணுமா, இல்லாம போட்டுக்கலாமா?" என்று கேட்பவர்களை எல்லோருக்கும் தெரியும். அவர்களைப் பிடிக்கட்டும். யுபிஐ வருவதற்கு முன்பே அவர்கள் பதிவு பெற்றவர்கள், அவர்களைப் பிடிக்கச் சட்டமும் ஆளும் எப்போதும் இருந்திருக்கின்றன. நான் பேசுவது ஆண்டுக்கு 20-க்கும் 40-க்கும் இடையில் நிற்கும் கடையைப் பற்றி. 40 வரை சின்னக் கடை என்று நாட்டின் பெரும்பாலான மாநிலங்கள் ஒப்புக்கொண்டபின், ஒரு மணல் ரோட்டுக்கு இந்தப் பக்கம் இருப்பதால் ஒருவர் ஏய்ப்பாளர் ஆகிறார் என்றால், அந்த ஏய்ப்பு வரம்பு வைத்தவர்கள் உண்டாக்கியது.

பாண்டிச்சேரிக்கு இது முதல் அனுபவமும் அல்ல. 2015 செப்டம்பரில் சண்டிகருடன் சேர்த்து இந்த ஊரைத்தான் நேரடிப் பணப் பரிமாற்றச் சோதனைக்குத் தேர்ந்தெடுத்தார்கள். ரேஷனில் அரிசிக்குப் பதில் வங்கிக் கணக்கில் பணம். கசிவு இல்லை, தரகர் இல்லை, டிஜிட்டல் என்று பாராட்டினார்கள். குடும்பத் தலைவிகள் அரிசியே வேண்டும் என்றபோது, அதையும் பழமைப் பிடிவாதம் என்றுதான் படித்தவர்கள் சொன்னார்கள். வங்கிக்கு நடக்கிற நேரம், இழக்கிற கூலி, ஏறிக்கொண்டே போகும் கடை விலை, ஏறாமல் நிற்கும் மானியத் தொகை எல்லாவற்றையும் அந்தப் பெண்கள் கூட்டிக் கழித்திருந்தார்கள். ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடந்த ரேஷன் கடைகள் 2024 அக்டோபரில், தீபாவளிக்கு முன்னால் மறுபடி திறந்தன. கணக்குப் போட்டவர்கள் யார், போடாதவர்கள் யார் என்பது அப்போது தெரிந்தது. ஆனால் எந்தக் கருத்தரங்கிலும் அதை ஒப்புக்கொண்டு பேசியதாக எனக்கு நினைவில்லை.

வரி மட்டும்தான் விலை என்றால் சமாளித்துவிடலாம். வங்கிக் கணக்கு முடக்கம் என்று இன்னொன்று இருக்கிறது. எங்கோ வடமாநிலத்தில் ஒருவரை ஏமாற்றிப் பறித்த பணம் நான்கைந்து கை மாறி, கடைசியில் ஒருவர் உங்கள் கடையில் ஜீன்ஸ் வாங்கிவிட்டு ஸ்கேன் செய்கிறார். அந்த மாநிலத்து சைபர் போலீஸ் பணம் போன தடத்தைப் பிடித்துக்கொண்டே வந்து உங்கள் வங்கிக்கு எழுதுகிறது. கணக்கு முடங்குகிறது. வந்தது 900 ரூபாயாக இருக்கலாம், முடங்குவது சரக்கு எடுக்க வைத்திருந்த அத்தனையும். சட்டம் தெரிந்தவரைப் பிடித்து, பார்த்திராத ஊரின் காவல் நிலையத்துக்கு மின்னஞ்சல் போட்டு, பதில் வரும்வரை கடையை எப்படி நடத்துவது? 2023-ல் கேரள உயர் நீதிமன்றமும், 2024-ல் சென்னை உயர் நீதிமன்றமும் சந்தேகத்துக்குரிய தொகையை மட்டும் நிறுத்திவைத்து மீதியை விட வேண்டும் என்று சொல்லியிருக்கின்றன. சென்னை உயர் நீதிமன்றத்தின் எல்லைக்குள்தான் புதுச்சேரியும் வருகிறது. நீதிமன்றம் வரை போகத் தெம்புள்ளவருக்கு அது உதவும். மற்றவர்களுக்கு உதவ, இங்குள்ள வங்கிகளும் காவல்துறையும் சேர்ந்து ஒரு மேசை போட்டு, முடங்கிய கணக்கைப் பார்த்துக்கொடுக்க ஓர் ஆளை உட்கார வைத்தால் போதும். அதற்குப் பத்து முகாம் நடத்தும் செலவு ஆகாது. கூட்டத்தில் எழுந்து இப்படி ஒன்று கேட்டுப் பாருங்கள், கடவுச்சொல்லைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று அறிவுரை கிடைக்கும்.

கடன் கிடைக்கும் என்ற ஆசை வார்த்தைக்கு வருவோம். டிஜிட்டலில் வியாபாரம் செய்தால் தடம் பதியும், தடத்தைப் பார்த்து வங்கி கடன் தரும் என்பது 2024 ஜூலை பட்ஜெட் உரையிலேயே இடம்பெற்ற வாக்குறுதி. நடைமுறையில் பல கடைக்காரர்கள் கண்டது வேறு. கியூஆர் நிறுவனங்களின் செயலி வழியே கடன் வருகிறது, தவணையை அன்றன்றைய வசூலிலிருந்தே பிடித்துக்கொள்கிறார்கள். பாண்டிச்சேரி மார்க்கெட்டுக்கு இது புதிதா? சாயங்காலம் சைக்கிளில் வந்து நோட்டில் டிக் அடிக்கும் தண்டல்காரர் செயலிக்குள் குடியேறியிருக்கிறார். பழைய தண்டல்காரரிடம், "இன்னிக்கு மழைண்ணா, நாளைக்குச் சேர்த்து வாங்கிக்கங்க" என்று சொல்ல முடிந்தது.

அரசுத் திட்டம் எல்லாமே வீண் என்று நான் சொல்லவில்லை. தெருவோர வியாபாரிகளுக்காக 2020 ஜூனில் வந்த பிஎம் ஸ்வநிதியைப் பாருங்கள். பிணை இல்லாமல் முதலில் 10,000 ரூபாய் கடன், ஒழுங்காகக் கட்டினால் 20,000, பிறகு 50,000. 2025 ஆகஸ்டில் முதல் இரண்டு படிகளை 15,000, 25,000 என்று உயர்த்தினார்கள். டிஜிட்டலில் பணம் வாங்கினால் ஆண்டுக்கு 1,200 ரூபாய் வரை திரும்பக் கிடைக்கும் என்பது 2020-ல் திட்டத்தோடு ஒட்டிவந்த சலுகை. இங்கே வரிசையைக் கவனியுங்கள். கையில் பணம் முதலில், டிஜிட்டல் பின்னால். வட்டிக்காரரிடமிருந்து ஒரு மாதமாவது மூச்சுவிட வழி கிடைத்தது, அதனால் ஸ்கேன் அட்டையையும் வாங்கிக்கொண்டார்கள். சான்றிதழும் மதிய சாப்பாட்டுப் பொட்டலமும் கொடுத்து அனுப்பும் முகாமில் இந்த வரிசை தலைகீழ்.

சிறு வணிகர் பெயரைச் சொல்லி ஒதுக்கும் பணம் யார் கைக்குப் போகிறது என்பதையும் பார்த்துவிடுவோம். யுபிஐ வழியே பணம் வாங்கும் வணிகரிடம் கட்டணம் பிடிக்கக் கூடாது என்பது 2020 ஜனவரி முதல் விதி. அதற்கு ஈடாக மத்திய அரசு ஊக்கத்தொகை தருகிறது. 2024-25-க்கு 1,500 கோடி ரூபாய். சிறு வணிகர்கள் 2,000 ரூபாய் வரை வாங்கும் ஒவ்வொரு தொகைக்கும் 0.15 சதவீதம். போவது வங்கிகளுக்கும் செயலி நிறுவனங்களுக்கும். கட்டணம் இல்லாமல் இருப்பது கடைக்காரருக்கு லாபம்தான், மறுக்கவில்லை. ஆனால் அவரிடமே நேரடியாகக் கொடுத்துப் பார்த்த நாடும் இருக்கிறது. சிங்கப்பூரில் 2020-ல் உணவங்காடிக் கடைக்காரர் மாதம் குறைந்தது 20 முறை மின்முறையில் பணம் வாங்கினால் மாதத்துக்கு 300 வெள்ளி, ஐந்து மாதத்துக்கு, அவர் கைக்கே கொடுத்தார்கள். இதற்கு நேர்மாறாகப் பிரிட்டன் 2022 ஜனவரியில், குறிப்பிட்ட மென்பொருள்களை வாங்கினால் பாதி விலை, 5,000 பவுண்டு வரை தள்ளுபடி என்று சீட்டு கொடுத்தது. ஒரு லட்சம் நிறுவனங்கள் வரும் என்று எதிர்பார்த்தார்கள். கூட்டம் சேராமல் 2023 பிப்ரவரியிலேயே மூடிவிட்டார்கள். அங்கே ஆங்கிலம் தெரியாதவர்களா, கணினியைக் கண்டிராதவர்களா கடை வைத்திருந்தார்கள்? எந்த மென்பொருள் வேண்டும் என்று அரசு தேர்ந்தெடுத்த பட்டியல் கடைக்காரரின் தேவையோடு ஒட்டவில்லை, அவ்வளவுதான்.

முகாம்களில் தவறாமல் நடக்கும் இன்னொரு சடங்கு, சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு. ஆதாரைக் கொண்டுவாருங்கள், ஐந்து நிமிடத்தில் சான்றிதழ். 2021 ஜூலையில் சில்லறை, மொத்த வணிகர்களையும் உத்யமுக்குள் அனுமதித்தபோது மத்திய அரசு ஒரு நிபந்தனை வைத்தது: வங்கிகளின் முன்னுரிமைக் கடன் பட்டியலில் சேர்வதற்கு மட்டும்தான் அது பயன்படும். சிறு தொழில் சட்டத்தின் மற்ற பாதுகாப்புகள் வணிகருக்குக் கிடையாது. அந்தச் சட்டத்தின்படி 45 நாளுக்குள் பணம் வராவிட்டால், வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி கேட்கலாம். சமாதான் என்ற இணையதளத்தில் புகார் பதியலாம். தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் பட்டறை வைத்திருப்பவர் கேட்கலாம். ஓட்டலுக்கு மளிகை போட்டுவிட்டு மூன்று மாதமாகப் பாக்கிக்கு அலையும் மார்க்கெட் வியாபாரி கேட்க முடியாது. அவரும் அதே சான்றிதழைத்தான் ஃபிரேம் போட்டுக் கடையில் மாட்டியிருக்கிறார். கடைக்காரர் அரசுக்குத் தெரிய வேண்டும் என்றால் எல்லாத் தளமும் திறந்திருக்கிறது. கடைக்காரருக்கு உதவும் ஒரே தளத்தில் அவரைத்தான் வெளியே நிறுத்தியிருக்கிறார்கள். இதற்குப் பெயர் விழிப்புணர்வுக் குறைவு என்றால், குறைவு மேடையில்தான் இருக்கிறது.

செய்ய முடிந்தது ஒன்றும் இல்லையா என்றால், இருக்கிறது. அதற்கு முன்னுதாரணமும் கவுன்சிலே போட்டு வைத்திருக்கிறது. 2017 செப்டம்பரில், கைவினைப் பொருள் விற்பவர்கள் விற்றுமுதல் 20 லட்சம் தாண்டாதவரை வெளிமாநிலத்துக்கு விற்றாலும் பதிவு வேண்டாம் என்று விலக்கு அளித்தார்கள். அடுத்த மாதம் சேவைத் தொழில் செய்பவர்களுக்கும் அதே விலக்கு வந்தது. வில்லியனூர் சுடுமண் பொம்மையும் திருக்கனூர் காகிதக்கூழ் பொம்மையும் எல்லை தாண்டலாம், வில்லியனூர் மளிகைக் கடையின் சோப்புக் கட்டி தாண்டக் கூடாது என்பதற்கு வரிக் கோட்பாடு எதுவும் கிடையாது. யாரும் கேட்கவில்லை, அதனால் கொடுக்கவில்லை. தமிழ்நாட்டுக்குள் சிதறிக் கிடக்கும் ஒரு பிரதேசத்தின் சிறு கடைகளுக்கு, சுற்றியுள்ள மாவட்டங்களில் விற்பதை உள்ளூர் விற்பனையாக எண்ண வேண்டும் என்று கேட்பதும், பதிவு வரம்பை 40 லட்சத்துக்கு உயர்த்துவதும் புதுச்சேரி அரசு இன்றைக்கே தொடங்கக்கூடிய வேலைகள். வரவு குறையும் என்ற பயம் இருந்தால், எவ்வளவு குறையும் என்று சட்டமன்றத்தில் கணக்கை வைக்கட்டும், பேசுவோம். ஜிஎஸ்டி கவுன்சிலில் மாநிலங்களின் ஓட்டுக்கு ஒரே எடை. மேசையில் உத்தரப் பிரதேசத்துக்கு எவ்வளவோ, புதுச்சேரிக்கும் அவ்வளவு. அடுத்த கூட்டத்துக்கு டெல்லி போகும் புதுச்சேரிப் பிரதிநிதியின் கோப்பில் முத்தியால்பேட்டைக்கும் கோட்டக்குப்பத்துக்கும் நடுவில் இருக்கும் அந்தத் தெருவின் பெயர் இருக்குமா என்று வணிகர் சங்கங்கள் இப்போதே எழுதிக் கேட்க வேண்டும்.